'ஒயின்' என்றதும் மாறிய அம்மாவின் முகம்... முதுநகரிலிருந்து கம்பத்துக்கு ஒரு ட்ரிப் போட்ட கதை!

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் கடலூர் முதுநகரில் யாரும் சும்மா ஊரைவிட்டுக் கிளம்ப மாட்டார்கள். மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாயில் அடைப்பு எடுக்கணும், எமர்ஜென்சி லைட்டுக்கு சார்ஜ் போடணும், அரிசி மூட்டையைத் தரையிலிருந்து கட்டிலுக்கு ஏற்றணும். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள்கூட மழைச் செய்தி வந்தால் வீட்டுக்கு வருவார்களே தவிர, வீட்டிலிருந்து டூர் போக மாட்டார்கள்.

அப்படிப்பட்ட வீட்டில்தான், "அக்டோபர்ல மூணு நாள் எல்லாரும் காரில் எங்கேயாவது போயிட்டு வரலாமா?" என்று கேட்டேன்.

கேட்டதற்குக் காரணம் என் வேலை. சென்னையில் டிஜிட்டல் டெஸ்க்கில் இருக்கிறேன். செப்டம்பர் வந்தாலே 'இலையுதிர்காலப் பயணம்' என்று உலகம் முழுக்க இருந்து படங்கள் வந்து குவியும். நியூயார்க் மாநிலத்தில் 'ஃபிங்கர் லேக்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது. விரல்களைப் போல நீண்டு கிடக்கும் 11 ஏரிகள், அவற்றின் சரிவுகளில் திராட்சைத் தோட்டங்கள். ஆழமான ஏரி கோடையின் சூட்டைச் சேர்த்து வைத்துக்கொள்வதால், கரையிலிருக்கும் கொடிகளைக் கடும் குளிர் சீக்கிரம் தாக்காது. சுவிட்சர்லாந்தில் ஜெனிவா ஏரிக்கரையில் லவோ என்ற படிக்கட்டுத் திராட்சைத் தோட்டங்கள். 2007-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பர்யப் பட்டியலில் சேர்ந்தவை. அங்கெல்லாம் செப்டம்பர், அக்டோபர்தான் அறுவடைக் காலம். இலைகள் சிவந்து நிற்க, சாலையோரம் காரை நிறுத்தி நிறுத்திப் போகிறார்கள்.

'ஏரிக்கரை ஒயின் ஊர்களுக்கு ஒரு ரோடு ட்ரிப்' என்று போட்டோ கேலரி தயார் செய்தேன். லிங்கைத் தம்பி எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். அன்று இரவே அம்மாவிடமிருந்து போன்.

"ஏன்டி, ஒயின் குடிக்கப் போறவங்களுக்கு வழி சொல்றதா உன் வேலை?"

அம்மா கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒயின் ஷாப்பில் ஒயின் இல்லை!

அம்மாவின் கேள்வி புரிய வேண்டுமென்றால், தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று பார்க்க வேண்டும். திராட்சைச் சாற்றைப் புளிக்க வைத்துச் செய்வது ஒயின். அதில் ஆல்கஹால் பொதுவாக 12 முதல் 14 சதவிகிதம் இருக்கும். ஆனால் நம் ஊரில் 'ஒயின் ஷாப்' என்றால் பிராந்தி, விஸ்கி, ரம் விற்கிற கடை. அவற்றில் 42.8 சதவிகிதம் ஆல்கஹால். தனியார் கடைகள் போய், 2003 நவம்பரில் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்ட பிறகும், பேச்சு வழக்கில் 'ஒயின் ஷாப்' அப்படியே தங்கிவிட்டது. 'ஒயின் ஷாப் பக்கம் போகாதே' என்று பிள்ளைகளிடம் சொல்லும் எத்தனையோ அம்மாக்கள் ஒரு சொட்டு ஒயினைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

எங்கள் அம்மாவுக்கு அந்தச் சொல் அதைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. அம்மா பிறந்தது பண்ருட்டி பக்கம். தாத்தா விட்டுப்போன முந்திரித் தோப்பும் கொஞ்சம் பலா மரங்களும் மாமா கையில் இருந்தன. 2011 டிசம்பர் 30-ம் தேதி காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே 'தானே' புயல் கரையேறியது. மாமாவின் தோப்பில் மரங்கள் வேரோடு சாய்ந்தன. மாமாவுக்கு மட்டுமல்ல, சுற்று வட்டாரத்தில் பெரும்பாலானவர்களுக்கு அதே கதிதான். முந்திரிக் கன்று வைத்தால் காய்க்கத் தொடங்கவே மூன்று, நான்கு வருடம். நல்ல மகசூலுக்கு இன்னும் பல வருடம். பலாவுக்கு அதைவிட அதிகம்.

மாமா புதுக் கன்று வைத்தார். காத்திருக்க அவரால் முடியவில்லை. முன்பு எப்போதாவது குடிப்பவர், தினமும் குடிக்க ஆரம்பித்தார். 2014-ல் கல்லீரல் கெட்டு இறந்துபோனார். அவருக்கு அப்போது 41 வயது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் 'ஒயின் ஷாப்' என்ற சொல்லை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. டி.வி-யில் வந்தால்கூட அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த கேலரியையும் தயார் செய்தேன். அது என் வேலை. ஆனால் அம்மா கேட்ட பிறகு, எனக்கே ஒரு கேள்வி வந்தது. ஏரியும் திராட்சையும் சேர்ந்த இடம் நம் பக்கத்தில் இருக்கிறதா? அம்மா வந்து பார்க்கக்கூடிய மாதிரி?

ஏரியும் திராட்சையும் நம்ம ஊரில்!

இந்தியாவில் ஒயின் என்றாலே நாசிக். கங்காபூர் அணையின் நீர்ப்பரப்பை ஒட்டித் தோட்டங்களும், சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கான விடுதிகளும் இருக்கின்றன. ஆனால் அங்கே அறுவடை நடப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. கடலூரிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வேறு. அப்பா கேட்டால் சிரிப்பார்.

அடுத்தது கம்பம் பள்ளத்தாக்கு. தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரம். கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி என்று ஊர் ஊராகத் திராட்சைப் பந்தல்கள். பழக்கடையில் 'பன்னீர் திராட்சை' என்று வாங்குகிறோமே, கறுப்பாக, விதையோடு, வாசனையாக இருக்குமே, அதேதான். 'மஸ்கட் ஹாம்பர்க்' என்பது அதன் உலகப் பெயர். ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் 1832-ல் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். 'கம்பம் பன்னீர் திராட்சை'க்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

ஏரி? கம்பத்திலிருந்து கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலை ஏறினால் குமுளி. அதை ஒட்டித் தேக்கடி. அங்கே நாம் படகில் போகும் ஏரி, முல்லைப்பெரியாறு அணை தேக்கி வைத்திருக்கும் தண்ணீர். பென்னிகுக் கட்டிய அந்த அணை 1895-ல் திறக்கப்பட்டது. மேற்கே கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆற்றை மறித்து, மலைக்குள் சுரங்கம் வெட்டிக் கிழக்கே திருப்பினார்கள். அந்தத் தண்ணீர்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,000 ஏக்கருக்கு மேல் இருபோக நெல்லை விளைய வைத்துவிட்டு வைகை அணைக்குப் போகிறது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டுப் படங்களில் போல, ஏரிக்கரையிலேயே திராட்சைத் தோட்டம் இங்கே கிடையாது. ஏரி மலைக்கு மேலே கேரளத்தில். தோட்டம் மலைக்குக் கீழே தமிழ்நாட்டில். நடுவில் ஒரு மணி நேரப் பயணம். ஒயின் ருசி பார்க்கும் கூடம், அது இது என்று எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கும் ஏமாற்றம்தான். கம்பத்துத் திராட்சையில் பெரும்பகுதி பழமாகத்தான் சந்தைக்குப் போகிறது. தோட்டத்துக்குள் போய்ப் பந்தலின் கீழ் நின்று பார்க்கலாம், பழமும் ஜூஸும் வாங்கலாம். எங்கள் வீட்டுக்கு அதுதான் சரியாக இருக்கும் என்று நினைத்தேன்.

அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். "ஒயின் இல்லம்மா. திராட்சைத் தோட்டம். பந்தல் போட்டு, தலைக்கு மேல பழம் தொங்கும்."

அம்மா போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அம்மா சின்ன வயதில் முந்திரி உடைக்கப் போனவர். அந்த எண்ணெய் பட்டுக் கை கறுத்ததை இன்றும் சொல்வார். அவர் கேட்ட முதல் கேள்வி, "பறிக்கிற பொம்பளைங்களுக்குக் கூலி எவ்ளோ?"

இரண்டாவது கேள்வி, "அங்கே காத்தடிச்சா பந்தல் என்னாவும்?"

வெட்டினால் மறுபடி காய்க்கும்

எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்தேன். காற்றுக்கும் மழைக்கும் அங்கேயும் பயம் உண்டு. பழுக்கும் நேரத்தில் மழை விடாமல் பெய்தால் பழம் வெடித்துவிடும், கொடியில் பூஞ்சை நோய் வரும். ஆனால் திராட்சையில் ஒரு விஷயம் வேறு. குளிர் நாடுகளில் கொடி இலையை உதிர்த்துவிட்டுப் பனிக்காலம் முழுக்க உறங்கும். அதனால் அங்கே வருடத்துக்கு ஓர் அறுவடைதான். கம்பத்தில் அந்த உறக்கமே இல்லை. விவசாயி கவாத்து செய்து கிளைகளை வெட்டிவிட்டால், புதுத் தளிர் வந்து, பூத்து, சுமார் நான்கு மாதத்தில் பழம். வருடத்துக்கு இரண்டு முறை, சில நேரம் மூன்று முறைகூட அறுவடை செய்ய முடியும். ஒவ்வொரு தோட்டத்திலும் வெவ்வேறு நேரத்தில் கவாத்து நடப்பதால், எந்த மாதம் போனாலும் ஏதோ ஒரு பந்தலில் பழம் இருக்கும். அங்கே இலையுதிர்காலம் என்பதே விவசாயியின் கத்திரிக்கோலில்தான் இருக்கிறது.

இதை அம்மாவிடம் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசவில்லை.

"மொத்தமா வெட்டிட்டா, நாலு மாசத்துல திரும்பக் காய்க்குமா?"

"ஆமாம்மா."

"உங்க மாமனுக்கு அப்படி ஒரு மரம் வாய்ச்சிருந்தா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். பிறகு, "சரி, போய்ப் பாக்கலாம்" என்றார். மாமாவின் பெயரை அம்மா தானாக எடுத்து நான் கேட்டுப் பல வருடம் ஆகியிருந்தது.

அப்பாவின் காலண்டரும் புயல் கூண்டும்

அம்மா சம்மதித்துவிட்டார். அடுத்தது அப்பா. அவர் துறைமுகத்தில் போட் இன்ஜின் மெக்கானிக். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஊரே கோடை விடுமுறையில் டூர் போகும்போது, கரையேறி நிற்கும் போட்டுகளின் இன்ஜின் எல்லாம் அப்பா கையில் இருக்கும். தடை முடிந்தால் கடலுக்குப் போன போட் எந்த நேரம் பழுதாகி வரும் என்று தெரியாது. அப்பாவுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைப்பது மழைக்காலத்தில்தான். அந்த நேரத்தில்தான் அவர் வீட்டைவிட்டு அசைய மாட்டார்.

அதற்கும் காரணம் உண்டு. 2004 சுனாமி, 2011 தானே, 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல், அதற்கு அடுத்த நாள்களில் தென்பெண்ணையில் வந்த வெள்ளம். எங்கள் ஊர்க்காரர்கள் வருடத்தைப் பெயர் சொல்லித்தான் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். கெடிலமும் தென்பெண்ணையும் உப்பனாறும் பரவனாறும் வந்து கடலில் சேரும் இடத்தில் இருக்கிறோம். எங்கோ மலையில் பெய்த மழைகூட எங்கள் தெருவுக்கு வந்துவிடும். 'கடலூர் துறைமுகத்தில் 1-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்' என்பது உங்களுக்கு டி.வி-யில் ஓடும் ஒரு வரியாக இருக்கலாம். எங்கள் அப்பாவுக்கு அது வேலை உத்தரவு.

"மழை நேரத்துல வீட்டைப் பூட்டிட்டு எவனாவது போவானா?" என்றார் எதிர்பார்த்தபடியே.

நான் வாதாடவில்லை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20-ஐ ஒட்டி. அதற்கு முன்னால், புரட்டாசி முடிவதற்குள் ஒரு வெள்ளி, சனி, ஞாயிறு. இதைச் சொன்னேன். கூடவே லோயர் கேம்ப் நீர்மின் நிலையத்தின் படத்தையும் காட்டினேன். மலை மேலிருந்து தண்ணீரைக் கீழே இறக்கும் ராட்சத இரும்புக் குழாய்கள், குமுளி மலைப்பாதையில் போகும்போதே கண்ணில் படும். நூறு வருடத்துக்கும் முன்பு மலையைக் குடைந்த கதையையும் சொன்னேன். அப்பா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அவர் கண்ணாடி போட்டால் பாதி சம்மதம்.

மீதிப் பாதிக்கு மூன்று நிபந்தனைகள். கிளம்பும் நாளுக்கு முன் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவானால் பயணம் ரத்து. வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும். ஞாயிறு இரவு வீட்டில் படுக்க வேண்டும்.

எங்கள் ரூட் இதுதான்

பெரியப்பா மகனின் மாருதி ஈகோ. அப்பா, அம்மா, ஆயா, நான், வண்டி ஓட்டத் தம்பி என ஐந்து பேர். ஆயாவுக்கு 76 வயது. "நான் ஒண்டியா வூட்ல என்னா பண்ணப் போறேன்?" என்று கேட்டு, முதல் ஆளாகப் பையை எடுத்து வைத்துவிட்டார்.

முதுநகரிலிருந்து கம்பம் சுமார் 400 கி.மீ. வடலூர், விருத்தாசலம், திட்டக்குடி வழியாக ராமநத்தத்தில் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்துத் திருச்சி. அங்கிருந்து மணப்பாறை, திண்டுக்கல், வத்தலகுண்டு, பெரியகுளம், தேனி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம். நிறுத்தாமல் போனால் ஏழெட்டு மணி நேரம். ஆயாவுக்காக இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, கழிப்பறை சுத்தமாக இருக்கும் இடமாகப் பார்த்து நிறுத்துவதாகத் திட்டம். அதனால் பத்து மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறோம். அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினால் மாலைக்குள் போய்விடலாம். முதல்முறை போகிறவர்கள் இருட்டில் மலைப்பாதை ஏற வேண்டாம் என்பதால், இரண்டு இரவும் கம்பத்திலேயே தங்கல்.

சனிக்கிழமை காலை குமுளி, தேக்கடி, படகு. படகு என்றதும் அம்மா, "அங்கே ஒரு தடவை கவுந்துச்சே?" என்றார். 2009 செப்டம்பர் 30-ல் நடந்தது. 45 பேர் இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டிக்கொள்வது, எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து நிற்காமல் இருப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். கடலோரத்தில் வாழ்கிறவர்களுக்குத் தண்ணீரைப் பற்றிப் பாடம் தேவையில்லைதான், இருந்தாலும் சொல்லிக்கொண்டோம். ஆயா கரையிலேயே உட்கார்ந்துகொள்வாராம்.

இறங்கும் வழியில் லோயர் கேம்ப்பில் பென்னிகுக் மணிமண்டபம், மதியத்துக்கு மேல் சுருளிப்பட்டி பக்கம் திராட்சைத் தோட்டம். தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே போவது, கொத்தைக் கையால் இழுக்காமல் இருப்பது, பறித்த பழத்தை நன்றாகக் கழுவிய பிறகே சாப்பிடுவது. மருந்து தெளித்திருப்பார்கள். சுருளி அருவி பக்கம்தான். ஆனால் மழை நேரத்தில் வெள்ளம் வந்தாலோ, யானை நடமாட்டம் இருந்தாலோ வனத்துறை குளிக்கத் தடை போட்டுவிடும். அதனால் அருவி எங்கள் பட்டியலில் 'இருந்தால் பார்க்கலாம்' ரகம். ஞாயிறு விடியற்காலை திரும்பும்போது ஆண்டிப்பட்டி அருகே வைகை அணை. 1959-ல் திறந்தது. தேக்கடியில் பார்த்த தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்று அப்பா பார்த்தே ஆக வேண்டுமாம்.

புரட்டாசி என்பதால் வீட்டில் அசைவம் கிடையாது. முதல் நாளுக்குப் புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் அம்மா கட்டிக்கொள்வார். மணப்பாறையில் முறுக்கு வாங்குவது தம்பியின் ஒரே கோரிக்கை. வாடகை வண்டியில் போகிறவர்கள், கேரள எல்லைக்குப் பெர்மிட் இருக்கிறதா என்று டிரைவரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பெட்ரோலுக்கு 7,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். அது என் பங்கு. அறை வாடகை தம்பியின் பங்கு.

பட்டியலில் இல்லாத ஒன்று

ஒரு ட்ரிப் பிளான் செய்ய மேப்பில் பத்து நிமிடம் போதும். எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு பயம் இருந்தது. அம்மாவுக்கு ஒரு சொல் மேல், அப்பாவுக்கு ஒரு மாதத்தின் மேல், ஆயாவுக்குத் தனியாக விடப்படுவதன் மேல். தேதியும் ரூட்டும் அந்தப் பயங்களைச் சுற்றித்தான் முடிவாயின. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு வீட்டில் இவ்வளவு நேரம் நாங்கள் உட்கார்ந்து பேசியதே இல்லை.

தோட்டத்தில் யாராவது ஒயின் பாட்டிலை நீட்டினால் என்ன செய்வது என்று தம்பி விளையாட்டாகக் கேட்டான். அம்மா சாதாரணமாகவே பதில் சொன்னார்: "வேணாம்னு சொல்லு. பழம் எவ்ளோன்னு கேளு." குடிப்பதில் பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொன்னதை அம்மா படித்திருக்க மாட்டார். அவருக்கு அது வேறு வழியில் தெரியும்.

வங்கக் கடலில் ஏதாவது சுழன்றால் பயணம் தை மாதத்துக்குத் தள்ளிப்போகும். அதற்கும் தயாராக இருக்கிறோம். தைப் பொங்கல் நேரத்தில், ஜனவரி 15-ல், பென்னிகுக் பிறந்தநாளுக்கு அங்கே பொங்கல் வைப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு வரலாம். அப்போதும் ஏதோ ஒரு பந்தலில் பழம் தொங்கும்.

நீங்களும் வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு எங்காவது போக நினைத்தால், இடத்தை முடிவு செய்யும் முன், உங்கள் அம்மாவுக்கு அங்கே என்ன பார்க்க ஆசை என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் அம்மாவுக்கு ஏரியோ படகோ இல்லை. கவாத்து செய்த ஒரு கொடியைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமாம்.